வேலை முடிந்து வந்த பிறகு ஒரு கோலம்: தெம்புக்கு ஒரு வழி

மாதத்தில் 11ஆம் தேதி ஒன்று, 20ஆம் தேதி ஒன்று. ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடும் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்த இரண்டு தேதிகளைச் சுற்றித்தான் காலண்டரே. 11க்குள் விற்பனை விவரம், 20க்குள் வரிக்கணக்கு. 20ஆம் தேதி ராத்திரி அப்பாடா என்று லேப்டாப்பை மூடினால், மறுநாள் காலையில் அடுத்த மாதத்துப் பில்கள் மேஜையில் வந்து உட்கார்ந்திருக்கும். மும்பை ஃபோர்ட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பல வருஷமாக எனக்கு இதுதான் வேலை. வீடு செம்பூரில். போக வர ஹார்பர் லைன் லோக்கல் ரயில்.

இந்த மாதிரி வேலையில் வரும் களைப்பு ஒரு தனி ரகம். மூட்டை தூக்கியவருக்கு வரும் அசதி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். ஏனென்றால் நாள் முழுக்க உழைத்தும் 'இதோ, இதை நான் செய்து முடித்தேன்' என்று காட்ட ஒன்றும் இல்லை. சரிபார்த்தோம், அனுப்பினோம், திருத்தினோம், மறுபடி அனுப்பினோம். ஐ.டி.யில் இருப்பவர்களும் பள்ளிக்கூட டீச்சர்களும் வீட்டிலேயே இருந்து மூன்று வேளை சமைப்பவர்களும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்வார்கள். 'ரெஸ்ட் எடுங்க' என்று எல்லோரும் உபதேசம் செய்கிறார்கள். சோபாவில் சாய்ந்து ஃபோனைத் தள்ளிக்கொண்டே இருப்பதற்குப் பெயர் ரெஸ்ட் என்றால், அதை முடித்துவிட்டுத் தெம்பாக எழுந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

நான் கண்ட மருந்து இவ்வளவுதான்: அன்றைக்கு ஆரம்பித்து அன்றைக்கே முடிந்துவிடுகிற ஒரு சின்னக் காரியத்தைக் கையால் செய்வது. எனக்கு அது சிக்குக் கோலம், அதாவது புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து போகும் கோட்டுக் கோலம். வாசல் என்று சொல்ல முடியாது, மூன்றாவது மாடியில் லிஃப்டுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இரண்டடிக்கு இரண்டடி தரை. காலையில் இல்லை, சாயங்காலம். 'விளக்கு வைக்கிற நேரத்துல கோலமா, காலையில இல்ல போடணும்' என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். சாயங்காலம் வாசல் தெளித்துக் கோலம் போட்ட வீடுகளும் ஊரில் உண்டு மாமி என்றேன். அப்புறம் அவர் கேட்கவில்லை. காலை 8 மணிக்கு மேல் ஓடும் ஹார்பர் லோக்கலைப் பிடிப்பவளுக்குக் காலைக் கோலம் இன்னொரு கடமை ஆகிவிடும். கடமை ஆகிவிட்டால் தெம்பு வராது. இந்த ஒரு விஷயத்தில் நான் கறார்.

எதைத் தேர்ந்தெடுப்பது

கோலம்தான் என்றில்லை. ஆனால் எதை எடுத்தாலும் சில விஷயங்களைப் பார்த்து எடுங்கள். முதலில், அரைமணிக்குள் முடிய வேண்டும். ஸ்வெட்டர் பின்னுவது நல்ல வேலைதான், ஆனால் அது ஆறு மாதம் இழுக்கும், அதுவும் ஒரு பாக்கி ஆகிவிடும். அடுத்து, கைக்கு வேலை இருக்க வேண்டும், கண்ணுக்கு மட்டும் அல்ல. மூன்றாவது, ஒரு சட்டதிட்டம் இருக்க வேண்டும். 'உன் இஷ்டத்துக்கு எதையாவது வரை' என்று வெள்ளைத்தாளை நீட்டினால், ஏற்கெனவே நாள் பூரா முடிவெடுத்துச் சலித்த மூளை ஓடிப்போகும். புள்ளி வைத்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. கடைசியாக, மும்பைவாசிகளுக்கு மட்டும் ஒன்று: செய்த பொருள் வீட்டில் சேரக் கூடாது. ஒன் பி.எச்.கே.யில் பெயிண்டிங்கை எங்கே மாட்டுவது? கோலத்தை மறுநாள் காலையில் படிக்கட்டு துடைக்க வரும் அம்மா துடைத்துவிடுவார். சமையல் என்றால் சாப்பிட்டுத் தீர்ந்துவிடும். பூ கட்டினால் வாடிவிடும். இடமும் மிச்சம், 'போன வாரம் இதைவிட நன்றாக வந்ததே' என்ற ஒப்பீடும் இல்லை.

இதெல்லாம் என் மனக்கணக்குத்தானா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆராய்ச்சிகளைச் சொல்கிறேன். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் டாம்லின் கானர் என்பவரும் அவருடைய குழுவும் 658 இளைஞர்களை 13 நாள் டைரி எழுத வைத்தார்கள். அன்றைக்கு எவ்வளவு நேரம் படைப்பு வேலையில் போனது, மனநிலை எப்படி என்று தினமும் குறிக்க வேண்டும். 2016இல் முடிவு வெளிவந்தது. ஒருநாள் கூடுதலாக ஏதாவது செய்தவர்களுக்கு மறுநாள் உற்சாகம் கூடியிருந்தது. உற்சாகமாக இருந்ததால் மறுநாள் கூடுதலாகச் செய்தார்கள் என்று தலைகீழாகப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. எனக்கு இதில் பிடித்தது அந்தத் திசைதான். மூடு வரட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை, செய்தால்தான் வரும். படைப்பு வேலை என்று அவர்கள் எழுதியவையும் பெரிய ஓவியக் கண்காட்சி ஒன்றும் இல்லை. பின்னல், குரோஷே, புதிதாக ஒரு சமையல், பாட்டு எழுதிப் பார்ப்பது, இப்படித்தான்.

இன்னொன்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவின் டிரெக்ஸல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழு செய்தது, அதுவும் 2016இல் வந்தது. 39 பெரியவர்களிடம் மார்க்கர் பேனா, களிமண், ஒட்டும் காகிதம் கொடுத்து 45 நிமிஷம் இஷ்டப்படி செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் எச்சிலில் கார்ட்டிசால் அளந்தார்கள். மன அழுத்தத்தில் உடம்பு சுரக்கிற ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது. கை பழகியவரா, புதியவரா என்பது இதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. 'எனக்குக் கோடே நேராக வராது' என்று சொல்பவர்கள் இந்த வரியை இரண்டுமுறை படித்துக்கொள்ளுங்கள்.

கோலம் போடும் விதம்

மாவு. தாதர் மார்க்கெட்டில் ரங்கோலிப் பொடி கிடைக்கும், விலை ஒன்றும் பெரிதில்லை. தீபாவளி சமயத்தில் நடைபாதையெல்லாம் கலர் கலராகக் குவித்து வைத்திருப்பார்கள். வெள்ளை மட்டும் போதும். டீ வடிகட்டியில் ஒருமுறை சலித்து, ஒரு பங்குக்குக் கால் பங்கு அரிசி மாவு கலந்துகொள்ளுங்கள், விரலிலிருந்து சீராக இறங்கும். முழுக்க அரிசி மாவு என்றால் எறும்புக்கு நல்லது, ஆனால் மூன்றாவது மாடி வரை எறும்புச் சாரி வந்தால் சொசைட்டி மீட்டிங்கில் உங்கள் பெயர் அடிபடும். டப்பாவைக் கதவுக்குப் பக்கத்திலேயே, செருப்பு ஸ்டாண்டின் மேல்தட்டில் வையுங்கள். பரணில் வைத்தால் கோலம் நடக்காது.

நேரம். நான் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு வெளியே வருவேன். விசிலை என் மகன் எண்ணுவான். நாலாவது விசிலில் அடுப்பை அணைத்துவிட்டு 'அம்மா, ஆச்சு' என்று குரல் கொடுப்பான். அதற்குள் முடிய வேண்டும். நேரம் அளந்து வைத்தது நல்லதுக்குத்தான். 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று அழகு பார்க்கத் தோன்றாது.

இப்போது கோடு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை எடுத்து, தரையிலிருந்து அரை விரல் உயரத்தில் கையை வைத்து, கட்டைவிரலை மெல்லத் தேய்த்துக்கொண்டே நகர்த்த வேண்டும். தரையைத் தொட்டால் கோடு தீற்றிவிடும். மிக உயரத்தில் பிடித்தால் சிதறும். நகரும்போது விரலைப் பார்க்காதீர்கள், கோடு போய்ச்சேர வேண்டிய இடத்தைப் பாருங்கள், வளைவு தானாக வரும்.

முதல் பாடத்துக்கு இரண்டே வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி. மேல் இடது மூலைப் புள்ளியின் தலைக்கு மேலே ஆரம்பியுங்கள். சாய்வாக வலப்பக்கம் இறங்கி, முதல் இரண்டு புள்ளிகளின் நடுவே புகுந்து, அதே சாய்வில் மேல்வரிசை நடுப்புள்ளிக்கும் கீழ்வரிசை நடுப்புள்ளிக்கும் இடையே கடந்து, கீழே இறங்குங்கள். ஓரத்துக்கு வந்ததும் அங்கிருக்கும் மூலைப் புள்ளியைச் சுற்றிக்கொண்டு மேலே திரும்புங்கள். விதி இரண்டுதான். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில் இடம் இருந்தால் நேரே கடக்க வேண்டும். கடக்க இடம் இல்லையென்றால் புள்ளியைச் சுற்றி வளைய வேண்டும். கை எடுக்காமல் போய்க்கொண்டே இருந்தால் கோடு ஏழு இடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, ஆறு புள்ளிகளையும் சுற்றி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து ஒட்டும். அந்தக் கடைசி ஒட்டு வரும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி ஒரு நிம்மதி. நாள் பூரா எக்செல் ஷீட்டில் கிடைக்காதது அது.

சரி, மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று புள்ளி வைத்தால்? ஒரே கோட்டில் வராது. மூன்று தனித்தனி இழைகள் வரும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. வரிசை எத்தனை, வரிசைக்குப் புள்ளி எத்தனை, இந்த இரண்டு எண்களுக்கும் பள்ளிக்கூடத்தில் படித்த எச்.சி.எஃப்., அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடியுங்கள். எவ்வளவு வருகிறதோ அத்தனை இழை. 3க்கு 4 என்றால் ஒன்று, ஒரே கோடு. 4க்கு 4 என்றால் நாலு. 4க்கு 6 என்றால் இரண்டு. கணக்குப் பார்த்துவிட்டுப் போட்டு, சொன்னபடியே வருவதைப் பார்ப்பதில் ஒரு குஷி. புள்ளிகளை நெருக்கமாகச் சதுரக் கட்டத்தில் வைத்து, எல்லா இடத்திலும் வெட்டும்படி போடும் கோலங்களுக்குத்தான் இந்தக் கணக்கு. இரண்டு புள்ளிகளின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளியை வைக்கும் சந்துப்புள்ளிக் கோலத்துக்கு இது பொருந்தாது.

அங்கிருந்துதான் நம் சொந்த விளையாட்டு ஆரம்பம். இரண்டு வெவ்வேறு இழைகள் வெட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைப் பிடியுங்கள். அங்கே வெட்டாமல், வந்த வழியிலேயே இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். எந்த இடத்தில் திருப்புகிறோம் என்பதைப் பொறுத்துக் கோலத்தின் முகமே மாறும். ஒரே 3க்கு 3 கட்டத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தினமும் வேறு வேறு கோலம் போடலாம், புத்தகம் பார்க்கவே வேண்டாம். கோலப் புத்தகத்தைப் பார்த்து அப்படியே நகலெடுப்பதைவிட, அசிங்கமாக வந்தாலும் சொந்தமாகத் திருப்பிய ஒரு வளைவுதான் எனக்குத் தெம்பு தருகிறது. அழகான கோலம் வேண்டுமென்றால் யூடியூபில் கொட்டிக் கிடக்கிறதே.

இந்த விளையாட்டைப் படித்தவர்களும் விட்டுவைக்கவில்லை. தாம்பரம் மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் அவருடன் சேர்ந்து எழுதியவர்களும் 1970களிலேயே கோலங்களைக் கம்ப்யூட்டருக்கான இலக்கணமாக எழுதிப் பார்த்தார்கள். நம் பாட்டிகள் மனதிலேயே வைத்திருந்த இலக்கணம்தான், யாரும் அவர்களைப் பேப்பர் எழுதச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ரயிலில் ஒத்திகை

சாயங்காலம் சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷனில் பன்வேல் லோக்கலில் ஏறினால், கிளம்பும் ஸ்டேஷன் என்பதால் லேடீஸ் டப்பாவில் சீட்டு கிடைக்க வாய்ப்பு உண்டு. குறைந்தபட்சம் 'ஃபோர்த் சீட்', அதாவது மூன்று பேர் சீட்டின் ஓரத்தில் அரை உட்கார்வு. மடியில் சதுரக் கட்டம் போட்ட சின்ன நோட்டு, ஒரு பால்பாயிண்ட். கிராஃபர்ட் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் அப்துல் ரஹ்மான் தெருவில் மொத்த விலைக்கு இந்த நோட்டுகள் கிடைக்கும். ரயில் குலுங்கும், கோடு கோணும். பரவாயில்லை, இது ஒத்திகைதான். சாண்ட்ஹர்ஸ்ட் ரோடில் புள்ளி வைத்தால் குர்லா வருவதற்குள் எந்த இடத்தில் திருப்புவது என்று தெரிந்துவிடும். குர்லா தாண்டினால் இறங்க எழுந்து நின்றாக வேண்டும்.

அந்த டப்பாவைக் கொஞ்சம் கவனித்தால் தெரியும், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தி பீன்ஸ் நறுக்குவாள், ஒருத்தி குரோஷே ஊசியில் வளையம் போடுவாள், ஒரு கோஷ்டி பஜனை பாடும். தசராவுக்கு முதல் நாள் டப்பாவுக்கே தோரணம் கட்டிப் பூஜை செய்து பிரசாதம் கொடுப்பார்கள். இந்த ஊர் பெண்கள் களைப்பை இப்படித்தான் சமாளித்து வருகிறார்கள். ஜி.டி.பி. நகரில் இறங்கும் ஒரு திருநெல்வேலிப் பெண் என் நோட்டைப் பார்த்துவிட்டு, 'எக்கா, இந்த எடத்துல மடக்கினா ரெண்டும் சேந்துருமே' என்று விரலை வைத்துக் காட்டினாள். சேர்ந்தது. அவள் கோலம் போட்டு வருஷக்கணக்காகிறதாம்.

தடங்கல்கள்

ஜூன் இரண்டாவது வாரம் மழை பிடித்தால் அக்டோபர் தொடக்கம் வரை தரை ஈரம்தான். எல்லார் குடையும் லேண்டிங்கில்தான் சொட்டும். பொடி கட்டிதட்டிப் போகும். ஊறவைத்த அரிசியை அரைத்து மாக்கோலம் போடலாம் என்று யோசனை சொல்வார்கள். காய்ந்தால்தானே அது வெள்ளையாகத் தெரியும், மும்பை ஜூலையில் எது காய்கிறது? இந்த நாலு மாதத்துக்கு ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி, பூஜை அலமாரிக்கு முன்னால் வையுங்கள். எச்சில் தொட்டு அழிக்காதீர்கள், ஈரத்துணி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

கிரானைட் தரையில் கோலப்பொடி வழுக்கும். அதனால் நடைவழியை விட்டு, சுவர் ஓரமாகப் போடுங்கள். பெரியவர்கள் இருக்கும் கட்டிடம் என்றால் இது கட்டாயம். கமிட்டியில் யாராவது ஆட்சேபித்தால் வாதாட வேண்டாம், சிலேட்டு இருக்கவே இருக்கிறது. வாதாடினால் அந்த அரைமணியும் போய், அதோடு தூக்கமும் போகும்.

ஒன்றுமே செய்யத் தோன்றாத நாள் வரும். எனக்கு அது பெரும்பாலும் 19ஆம் தேதி. அன்றைக்கு ஒரே வரிசையில் மூன்று புள்ளி வைத்து, சங்கிலி மாதிரி ஒரு கோடு. நின்ற நிலையில் குனிந்தே போட்டுவிடலாம். அதுவும் கணக்கில் சேரும். விட்டுப்போன நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டு போடுவது மட்டும் வேண்டாம். பாக்கி, வட்டி, லேட் ஃபீ எல்லாம் ஆபீஸோடு நிற்கட்டும்.

ஃபோனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடும் ஆசையை முதல் ஒரு மாதமாவது அடக்குங்கள். படம் போட்டதும் கோலம் முடிந்துவிடாது, யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் சும்மா இருந்தார்கள் என்று புதிதாக ஒரு கணக்கு திறக்கும். மார்கழியில் மட்டும் எனக்கு நானே விலக்கு கொடுத்துக்கொள்வேன். மார்கழிக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கோலம் வேண்டாம் என்பவர்களுக்கு

மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் உதிரி முல்லை வாங்கிவந்து வாழைநாரில் கட்டலாம். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. இடையில் மருவோ கனகாம்பரமோ எங்கே சேர்ப்பது என்பது உங்கள் கற்பனை. ஒரு முழம் கட்டினால் போதும். கட்டியதை மறுநாள் தலையில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது கூடுதல் லாபம்.

எழுத்துப் பக்கம் ஆசை இருந்தால் குறள் வெண்பா. முதல் அடியில் நாலு சீர், இரண்டாவது அடியில் மூன்று, மொத்தம் ஏழே சீர். தளை தட்டாமல் அன்றைக்கு ஆபீஸில் நடந்த ஒன்றை அடக்கிப் பாருங்கள், மூளைக்கு நல்ல கசரத்து. என் கணவர் இந்தக் கட்சி. அவருடைய வெண்பாக்களில் பாதி எங்கள் வாட்டர் டேங்கர் பிரச்சினையைப் பற்றித்தான்.

தீபாவளிக்கு முன்னால் என்றால் தாராவி கும்பார்வாடாவுக்குப் போய் வர்ணம் பூசாத அகல் விளக்குகள் வாங்கிவந்து தினம் ஒன்றாகத் தீட்டலாம். குஜராத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள் தலைமுறைகளாகச் செய்யும் இடம் அது, சும்மா நின்று பார்த்தாலே பொழுது போகும். விளக்குச் சேர்ந்துவிடுமே என்றால், தீட்டியதை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோலத்தில்தான் இறங்குவது என்று முடிவு செய்தவர்கள் ஒரு வாரம் 2க்கு 3, 3க்கு 4 என்று பழகிவிட்டு, அடுத்து 4க்கு 6 வையுங்கள். இரண்டு இழை வரும். அதை ஒன்றாக்க ஒரே ஓர் இடத்தில் திருப்பினால் போதும். அந்த இடத்தை நடுவில் வைப்பதா, மூலையில் வைப்பதா என்று என் மகனும் நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நான் மூலை.